ஒரு பிளேடு போதும், தம்பிகளே

பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம், நொச்சிக்குப்பம் பகுதிகளில் புதிதாகச் சவரம் செய்யத் தொடங்கியிருக்கும் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே,

உங்களில் பலருடைய கழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். லூப் ரோடு மீன் அங்காடியில் தராசு பிடித்து நிற்பவர், பஸ் டெர்மினஸ் ஓரம் டெலிவரி பையோடு அடுத்த ஆர்டருக்குக் காத்திருப்பவர், எம்.ஆர்.சி. நகர் அடுக்ககத்திலிருந்து காலேஜுக்குக் கிளம்புபவர் என்று எல்லாரிடமும் ஒரே அடையாளம் தெரிகிறது. தாடைக்குக் கீழே, குரல்வளையைச் சுற்றி, பொரிப்பொரியாகச் சிவந்த கட்டிகள். சிலருக்கு அவை கறுத்து அப்படியே தங்கிவிட்டன. வெயில், வியர்வை, ஹெல்மெட் வார் என்று காரணம் சொல்கிறீர்கள். அவற்றுக்கும் பங்கு உண்டுதான். ஆனால் பெரும்பாலோருக்கு முதல் காரணம் கையில் இருக்கும் ரேசரும், அதை முகத்தில் அழுத்துகிற அழுத்தும்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடற்கரைக் காற்றுக்கும், நமக்குக் கிடைக்கும் தண்ணீருக்கும், நம் முடிக்கும் மூன்று பிளேடோ ஐந்து பிளேடோ தேவையில்லை. ஒரே ஒரு பிளேடை அசையாமல் இறுக்கிப் பிடிக்கிற நல்ல சேஃப்டி ரேசர் போதும். உங்கள் தாத்தா வைத்திருந்தாரே, தலையைக் கழற்றி இருபக்கமும் கூரான பிளேடை உள்ளே வைத்து மூடுகிற ஷேவிங் செட், அதைத்தான் சொல்கிறேன்.

கட்டி எப்படி வருகிறது என்று தெரிந்தால் மீதியெல்லாம் விளங்கிவிடும். 1971-ல் ஜில்லெட் நிறுவனம் ட்ராக் டூ என்ற இரட்டைப் பிளேடு ரேசரைக் கொண்டுவந்தது. அது வேலை செய்வதாகச் சொல்லப்பட்ட விதம் இதுதான்: முதல் பிளேடு முடியை வெட்டும்போதே கொஞ்சம் வெளியே இழுக்கிறது. இழுபட்ட முடி உள்ளே திரும்புவதற்குள் பின்னால் வரும் பிளேடு அதை இன்னொரு முறை வெட்டுகிறது. மிஞ்சிய முனை தோல் மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது. தடவிப் பார்த்தால் வழுவழுவென்று இருக்கும். 1998-ல் மாக் த்ரீ வந்தபோது பிளேடு மூன்றாயிற்று. 2006-ல் ஃப்யூஷனில் ஐந்து. நேரான, மெல்லிய முடி உள்ளவருக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை. அப்படிப்பட்டவர், கட்டியும் எரிச்சலும் இல்லாதவர், இப்போது வைத்திருப்பதையே தாராளமாகத் தொடரலாம்; அவருக்காக நான் இதை எழுதவில்லை. சுருண்டு வளரும் தடித்த முடி உள்ளவருக்குத்தான் சிக்கல். தோலுக்குக் கீழே சாய்வாக வெட்டுப்பட்ட முனை கூராக இருக்கிறது. அது வெளியே வர வழி தேடாமல் வளைந்து பக்கத்துத் தோலைக் குத்திக்கொண்டு வளர்கிறது. உடம்பு அதை வெளியிலிருந்து நுழைந்த பொருளாகவே எண்ணிச் சிவந்து வீங்குகிறது. மேலே வந்தபின் மறுபடி தோலுக்குள் நுழைகிற முடிகளும் உண்டு. தோல் மருத்துவர்கள் இதை சூடோஃபாலிக்குலைட்டிஸ் பார்பே என்பார்கள். அது வந்தவர்களிடம், முடியைத் தோலுக்குக் கீழே வெட்டாதீர்கள், ஒற்றைப் பிளேடுக்கோ டிரிம்மருக்கோ மாறுங்கள் என்றுதான் சொல்வார்கள்.

பல பிளேடு ரேசரில் நமக்கு இன்னொரு இடைஞ்சலும் உண்டு, தண்ணீர். இது நம் நாட்டிலேயே நடந்த கதை, உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2002-ல் இந்தியாவுக்கென்று ஜில்லெட் வெக்டர் என்ற இரட்டைப் பிளேடு ரேசரை உருவாக்கியது. இந்தியர்களுக்கு முடி அடர்த்தி, தினமும் சவரம் செய்வதில்லை என்பதால் பிளேடுகளுக்கு இடையில் சிக்கும் முடியைத் தள்ளிவிட ஒரு சின்னப் பட்டையும் வைத்தார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துப் பரிசோதித்தார்கள். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். இந்தியாவில் விற்பனைக்கு வந்ததும் அது எடுபடவில்லை. அந்த மாணவர்களுக்குக் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டியது. வேகத்தில் முடி அடித்துக்கொண்டு போய்விட்டது. இங்கே கோடிக்கணக்கானவர்கள் ஒரு குவளைத் தண்ணீரை வைத்துக்கொண்டுதான் சவரம் செய்கிறார்கள். குவளையில் எத்தனை முறை அலசினாலும் இரண்டு பிளேடுக்கு நடுவில் அடைத்த முடி வராது.

2005-ல் ஜில்லெட்டை வாங்கிய புராக்டர் அண்ட் கேம்பிள் பிறகு தன் ஆட்களை இந்திய வீடுகளுக்கே அனுப்பியது. தரையில் உட்கார்ந்து, மங்கிய வெளிச்சத்தில், ஒரு கையில் சின்னக் கண்ணாடியைப் பிடித்தபடி மனிதர்கள் முகம் மழிப்பதை அவர்கள் நேரில் பார்த்தார்கள். அதிலிருந்து பிறந்தது 2010-ல் வந்த ஜில்லெட் கார்ட். ரேசர் 15 ரூபாய், மாற்று பிளேடு 5 ரூபாய் என்று விற்றார்கள். அதில் எத்தனை பிளேடு தெரியுமா? ஒன்று. பிளேடுகளை ஏற்றிக்கொண்டே போன அந்த நிறுவனம், ஒரு குவளைத் தண்ணீரில் சவரம் செய்கிறவனைக் கண்ணால் பார்த்ததும் ஒரே பிளேடுக்குத் திரும்பியது. குடத்தை வரிசையில் வைத்து லாரித் தண்ணீருக்கு நிற்கிற குடியிருப்புகள் உள்ள நம் பகுதியில் இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தேவையில்லை.

கார்ட் மோசமான கருவி இல்லை. இருபக்க பிளேடைத் தொடப் பயமாக இருக்கிறது என்பவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். ஆனால் அதற்கு அதன் பிளேடைத்தான் வாங்க வேண்டும். தலையும் கைப்பிடியும் பிளாஸ்டிக் என்பதால் எடை கிடையாது. எடை இல்லாத ரேசரைக் கை தன்னை அறியாமல் அழுத்தும். இருபக்க பிளேடுக்கு உலகம் முழுவதும் ஒரே அளவு, நடுத் துளைகள் உட்பட. கிங் கேம்ப் ஜில்லெட் 1904-ல் காப்புரிமை பெற்று விற்ற மெல்லிய பிளேடின் வழியில் வந்தவைதான் இன்றைக்கும் நம் தெருமுனை மளிகைக் கடையில் அட்டையோடு தொங்குகின்றன. 1903-ல், விற்பனை தொடங்கிய முதல் ஆண்டில், அவரால் 51 ரேசரைத்தான் விற்க முடிந்தது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்கு அரசாங்கமே வாங்கிக் கொடுத்த பிறகு அது வீட்டுக்கு வீடு போய்விட்டது. இன்று ஜெர்மனியில் செய்த ரேசரில் நம் ஊர் பிளேடைப் போடலாம். நம் ஊர் ரேசரில் ஜப்பான் பிளேடைப் போடலாம். யாருக்கும் கட்டுப்படாமல் நம் முகத்துக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்கும் இந்த உரிமையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இனி ரேசர்களை ஒப்பிடுவோம். கடையில் கேட்டால் விலையைச் சொல்வார்கள், பளபளப்பைக் காட்டுவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது தலையை. பிளேடின் கூர் தலைக்கு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, பிளேடுக்கும் கீழே உள்ள தடுப்புக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி, பிளேடை விளிம்புவரை இறுக்கிப் பிடித்திருக்கிறதா என்ற மூன்றையும் பாருங்கள். கூர் அதிகம் நீட்டிக்கொண்டிருந்தால் வெட்டு வேகமாக இருக்கும். தவறினால் ரத்தமும் வரும். இடைவெளி கூடக்கூடத் தோல் உள்ளே புகும். விளிம்பு பிடிமானம் இல்லாமல் இருந்தால் பிளேடு முடியில் மோதும்போதெல்லாம் துடிக்கும். முகத்தில் கரகரவென்று இழுப்பது போலத் தெரிவது அந்தத் துடிப்புதான். எரிச்சலுக்குப் பெரும்பாலும் பிளேடின் கூர்மையைக் குற்றம் சொல்கிறோம். பிடிமானம் இல்லாத தலைதான் அதைவிட அதிகமாக எரிய வைக்கிறது.

தலைக்குக் கீழே நேர்ப்பட்டை உள்ளவை, சீப்புப் பல் உள்ளவை என்று இரண்டு விதம். நேர்ப்பட்டை தோலை முன்கூட்டியே தட்டையாக்கிவிட்டுத்தான் பிளேடைத் தொட விடும். புதியவர்களுக்கு அதுதான். சீப்புப் பல் நீண்ட தாடிக்கு நல்லது. பற்களுக்கு நடுவில் முடியும் நுரையும் தங்காமல் ஓடும். தலையே சற்று முறுக்கிக்கொண்டு பிளேடைச் சாய்வாகப் பிடிக்கும் ரேசர்களும் உண்டு. கை பழகும்வரை அவற்றைத் தொடாதீர்கள்.

ஜெர்மன் ரேசர்களில் எங்கும் பேசப்படுபவை இரண்டு. சோலிங்கன் நகரத்து மெர்க்கூர் 34சி குட்டைக் கைப்பிடி, 77 கிராம் எடை, இரண்டே பாகம். மூலே ஆர்89 மூன்று பாகம், கைப்பிடி சற்று நீளம். இங்கிலாந்தின் எட்வின் ஜாகர் டிஇ89-க்கும் ஆர்89-க்கும் தலை ஒன்றே. இவை எல்லாம் நேர்ப்பட்டை, எல்லாம் சாதுவானவை. பிளேடைப் பிடிப்பதில் 34சி இன்னும் உறுதி என்பது என் கருத்து. வழுக்கும் சோப்புக் கையில் ஆர்89-ஐப் பிடிப்பது சுலபம். அதே மூலேயின் ஆர்41 சீப்புப் பல் கொண்டது. அதன் ஆவேசத்துக்குப் பெயர் போனது. பெயர் ஒரே மாதிரி இருக்கிறதே என்று மாற்றி வாங்கிவிடாதீர்கள். ஜப்பானின் ஃபெதர் ஏஎஸ்-டி2 எவர்சில்வர், இருப்பதிலேயே மென்மையானவற்றில் ஒன்று. ஆனால் அதன் விலைக்கு வேறு நல்ல காரியம் செய்யலாம். இவை எல்லாமே ஆயிரக்கணக்கில் போகின்றன. முதல் ரேசருக்கு அவ்வளவு பணம் தேவையே இல்லை. இந்தியாவில் செய்த மூன்று பாக உலோக ரேசர்கள் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கின்றன. அவற்றில் நேர்ப்பட்டை உள்ளதாக, பிளேடை மூடியபின் இரண்டு பக்கமும் ஒரே அளவு நீட்டிக்கொண்டிருப்பதாகப் பார்த்து எடுங்கள். ஒரு பக்கம் அதிகமாகவும் மறு பக்கம் குறைவாகவும் தெரிந்தால் தளர்த்தி மறுபடி மூடிப் பாருங்கள். அப்போதும் சரியாகாவிட்டால் வேறு எடுக்கச் சொல்லுங்கள்.

வாங்குவதற்கு முன் வீட்டுப் பரணை ஒரு முறை தேடிப் பாருங்கள். 1938-ல் வந்த ஜில்லெட் டெக் மூன்று பாக ரேசர் பல பத்தாண்டுகள் தயாரிப்பில் இருந்தது. அந்த மாதிரியைப் பார்த்துச் செய்த ரேசர்கள் நம் நாட்டிலும் ஏராளம். பழைய பித்தளை ரேசர் கிடைத்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்து, மரைக்குள் இருக்கும் அழுக்கை எடுத்துவிட்டால் போதும். புளியும் எலுமிச்சையும் வேண்டாம், மிச்சமிருக்கும் முலாமை அவை தின்றுவிடும்.

முலாமைப் பற்றிச் சொல்லும்போது கடற்காற்றைப் பற்றியும் பேசியாக வேண்டும். வேறு ஊர்க்காரர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. நம் வீட்டு ஜன்னல் கம்பி, பைக் சைலன்சர், ஏ.சி.யின் வெளிப்பெட்டி எல்லாவற்றையும் உப்புக் காற்று என்ன செய்கிறது என்று தினமும் பார்க்கிறீர்கள். ரேசருக்கும் அதே கதிதான். விலை குறைந்த உலோக ரேசர்கள் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்து, மேலே குரோம் முலாம் பூசியவை. மேலே சொன்ன ஜெர்மன் ரேசர்களின் தலையும் அந்தக் கலவைதான். முலாம் கெடாதவரை ஒன்றும் ஆகாது. கீழே விழுந்து ஒரு இடத்தில் பெயர்ந்தால் உப்பும் ஈரமும் உள்ளே போய், கலவை பொடிப்பொடியாகக் கொப்பளிக்கத் தொடங்கும். அப்படி வந்த தலையைச் சரிசெய்ய முடியாது. பித்தளையில் முலாம் போனாலும் உலோகம் நிற்கும். எவர்சில்வர் இன்னும் நல்லது. அதிலும் 316 ரகத்தில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பைத் தாங்கும். படகு, கப்பல் சாமான்களில் அதைப் பயன்படுத்துவது அதனால்தான். கடலுக்கு எதிரே குடியிருக்கும் ஒருவர் ஒரே ஒரு முறை நல்ல விலை கொடுத்து வாங்க நினைத்தால், பெயருக்குக் கொடுக்காமல் இந்த உலோகத்துக்குக் கொடுக்கட்டும். கைப்பிடியைத் திருகினால் மேலே இரண்டு கதவாகத் திறக்கும் ரேசர் பார்க்க வசதியானது. ஆனால் அதன் கீல்களுக்குள் உப்பும் சோப்புக் கசடும் ஏறி இறுகிவிடும். நம் தண்ணீருக்கு மூன்று பாகம்தான் சரி. கழற்றி, அலசி, உதறி, குளியலறைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

பிளேடுக்கு வருவோம். மல்ஹோத்ரா குடும்பத்து டோபாஸ், பனாமா, சூப்பர்மேக்ஸ், ஜில்லெட்டின் செவன் ஓ கிளாக் என்று நம் கடைகளில் கிடைப்பவை ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. ஃபெதர் மிகக் கூர்மை. அது ஒருவருக்கு வரப்பிரசாதம், இன்னொருவருக்கு ரத்தம். எது சிறந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நண்பர்கள் சேர்ந்து ஆளுக்கொரு பாக்கெட் வாங்கி, பிரிக்காத பிளேடுகளைப் பகிர்ந்துகொள்ளுங்கள். ரேசரை மாற்றாமல் பிளேடை மட்டும் மாற்றிப் பார்த்தால் உங்கள் முகமே பதில் சொல்லிவிடும். பல பிளேடு கேட்ரிட்ஜ் ஒன்றின் விலைக்கு மாதக்கணக்கில் ஓடும் பிளேடுகள் கிடைக்கும். ஒரு பிளேடை மூன்று நான்கு சவரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். முடி எவ்வளவு மென்மையானது, எஃகு எப்படி மழுங்கும் என்று நினைக்கலாம். 2020-ல் எம்.ஐ.டி.யில் ஜியான்லூக்கா ரோசியோலி, செம் தாசன் குழுவினர் இதை மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து சயின்ஸ் இதழில் எழுதினார்கள். எஃகு முடியைவிட சுமார் 50 மடங்கு கடினம். ஆனாலும் முடி வளைந்து சாய்ந்து மோதும்போது, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடங்களில் விளிம்பு துணுக்காகப் பெயர்கிறது. அந்த முறிந்த விளிம்பைத்தான் ஐந்தாம் நாள், ஆறாம் நாள் நீங்கள் கழுத்தில் இழுக்கிறீர்கள். பிளேடைத் துண்டால் துடைக்கவும் வேண்டாம். ஈரத்தை உதறினால் போதும்.

இப்போது தண்ணீர், நுரை. இதில்தான் நம்மில் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறோம். கடலோர போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் உப்பும் சேர்ந்திருக்கும். சோப்பில் இருக்கும் கொழுப்பு அமிலம் அவற்றோடு சேர்ந்தால் கரையாத கசடாகிவிடும். பக்கெட் ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். நுரையாக வேண்டிய சோப்பெல்லாம் கசடாகப் போகிறது. முகத்தில் நிற்பது காற்றுக் குமிழி மட்டும், வழுக்கல் கிடையாது. வழுக்கல் இல்லாத முகத்தில் உலகத்திலேயே விலை கூடிய ரேசரை வைத்தாலும் எரியத்தான் செய்யும். ஆகவே நுரைக்கு மட்டும் நல்ல தண்ணீர் எடுங்கள். மெட்ரோ வாட்டர், இல்லையென்றால் கேன் தண்ணீர், அரை டம்ளர். போர் தண்ணீர்தான் கிடைக்கிறது என்றால் கொதிக்க வைத்து, ஆறித் தெளிந்தபின் மேலாக எடுங்கள். கடினத்தன்மை கொஞ்சம் குறையும், முழுவதும் போகாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்யும்போது ஒரு சுத்தமான பாத்திரத்தை மொட்டை மாடியில் வையுங்கள். மழைத் தண்ணீரில் எழும் நுரையை ஒரு முறை பார்த்தவர்கள் வித்தியாசத்தை மறக்க மாட்டார்கள்.

குளித்து முடித்த உடனே சவரம் செய்யுங்கள். நனைந்த முடி தண்ணீரைக் குடித்துப் பருத்து இளகிவிடும். வெட்டத் தேவையான பலம் வெகுவாகக் குறையும். அதற்கு இரண்டு மூன்று நிமிடம் ஈரம் வேண்டும். அவசரமாகக் கன்னத்தில் தண்ணீரைத் தெளித்துவிட்டுத் தொடங்குவதால்தான் பாதிப் பேருக்கு இழுக்கிறது. பிரஷை நனைத்து, உதறி, பட்டாணி அளவு கிரீமைப் போட்டு, உள்ளங்கையிலோ கிண்ணத்திலோ சுழற்றுங்கள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்க்க, குமிழி மறைந்து தயிர்போல் இறுகிப் பளபளக்கும் பதம் வரும். அந்தப் பதம் வரும்வரை முகத்துக்குப் போகாதீர்கள். கிரீம் எந்தப் பெயரானாலும் பரவாயில்லை. அழுத்தினால் பீறிடும் டப்பா நுரை மட்டும் வேண்டாம். அதில் காற்றுதான் அதிகம்.

ரேசரைப் பிடிப்பது இப்படி. கைப்பிடி தரைக்கு இணையாக இருக்க, தலையின் மேற்பகுதியைக் கன்னத்தில் வையுங்கள். பிளேடு தோலைத் தொடுவது தெரியும்வரை கைப்பிடியை மெதுவாகக் கீழே இறக்குங்கள். தோலுக்கும் பிளேடுக்கும் கிட்டத்தட்ட 30 பாகை வந்திருக்கும். அந்தச் சாய்வை மாற்றாமல், அங்குலம் ஒன்றாகக் குட்டி இழுப்புகள். அழுத்தவே வேண்டாம், உலோகத்தின் எடையே வெட்டும். கேட்ரிட்ஜில் பழகிய கை முதல் சில நாள் தானாக அழுத்தப் பார்க்கும். கைப்பிடியை நுனி விரல்களால் பிடித்தால் அழுத்த முடியாது.

கழுத்துக்கு வரும்போது நிதானம். இரண்டு நாள் முடியோடு கழுத்தை விரலால் தடவிப் பாருங்கள். எந்தப் பக்கம் வழுக்குகிறதோ அதுதான் முடியின் போக்கு. பலருக்குக் கழுத்து முடி கீழ்நோக்கி வளர்வதில்லை. பக்கவாட்டில் போகும், குரல்வளைக்கு அருகே மேல்நோக்கித் திரும்பும். அது தெரியாமல் எல்லாவற்றையும் மேலிருந்து கீழே இழுத்தால் பாதி இடத்தில் எதிர்ப்போக்கில் வெட்டுகிறீர்கள் என்று அர்த்தம். முதல் சுற்று முடியின் போக்கில். மறுபடி நுரை போட்டு இரண்டாம் சுற்று குறுக்காக. கட்டி உள்ளவர்கள் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கழுத்தை இழுத்துப் பிடிக்கவும் வேண்டாம். கையில் லேசாகச் சொரசொரவென்று தட்டுப்படும் கழுத்து ஆரோக்கியமான கழுத்து. வழுவழுப்புக்கு ஆசைப்பட்டு எதிர்ப்போக்கில் போனால் மூன்றாம் நாள் கட்டி வந்து நிற்கும். ஹெல்மெட் போட்டு நாள் முழுதும் வண்டி ஓட்டுபவர்களுக்கு ஒன்று: காலையில் மழித்துவிட்டு உடனே வாரை இறுக்கினால், புதிதாக மழித்த தோலில் வியர்வையும் வாரும் சேர்ந்து தேய்க்கும். இரவு சவரம் செய்துவிட்டுப் படுங்கள்.

முடிந்ததும் குளிர்ந்த தண்ணீர், பிறகு படிகாரம். மயிலாப்பூர் கச்சேரி சாலை டப்பா செட்டிக் கடைப் பக்கம் போகும்போது நாட்டு மருந்துக் கடையில் ஒரு கட்டி வாங்கி வைத்தால் வருடக்கணக்கில் வரும். ஈர முகத்தில் ஒரு முறை தடவி, சற்றுப் பொறுத்துக் கழுவுங்கள். எங்கெல்லாம் சுருக்கென்று எரிகிறதோ அங்கெல்லாம் அழுத்திவிட்டீர்கள் என்று அது காட்டிக்கொடுக்கும். அடுத்த முறை அந்த இடத்தில் கை இளகட்டும்.

மாலை போட்டு ஒரு மண்டலம் விரதம் இருந்து மலைக்குப் போய் வருபவர்களும், காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து போய் வருபவர்களும் நம் பகுதியில் நிறையப் பேர். விரதம் முடிந்த தாடியைப் பல பிளேடு ரேசரால் எடுக்க முயன்றால் இரண்டு இழுப்பில் அடைத்துவிடும், தோலும் உரியும். முதலில் டிரிம்மரிலோ கத்தரியிலோ ஒட்ட வெட்டுங்கள். பிறகு சூடான துண்டை முகத்தில் வைத்து எடுத்து, சேஃப்டி ரேசரால் முடியின் போக்கில் ஒரே ஒரு சுற்று. இல்லாவிட்டால் சலூனுக்கே போங்கள். அந்த நாளுக்கு அதுதான் நல்லது. தோலை எந்த இடத்தில் இழுத்துப் பிடிக்கிறார், கத்தியை எங்கே திருப்புகிறார் என்று அந்த அண்ணனின் கையைக் கவனியுங்கள். எந்த விளக்கப் படமும் கற்றுத்தராத பாடம் அது. அரை பிளேடைப் புதிதாக உடைத்து உங்கள் கண் முன்னால் கத்தியில் போடுகிறாரா என்றும் பாருங்கள். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் நாட்டிலேயே முதன்முறையாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில்தான் ஆளுக்கொரு புதிய பிளேடு என்பதை வாடிக்கையாளர்கள் வாய்விட்டுக் கேட்கத் தொடங்கினார்கள். ரத்தத்தின் வழியே அதைவிட எளிதாகத் தொற்றுவது ஹெபடைட்டிஸ் பி. வீட்டிலும் அதே விதிதான். அண்ணன் தம்பியானாலும் ரேசரைப் பகிர வேண்டாம்.

ஏற்கெனவே கட்டி நிறைந்த கழுத்தோடு இருப்பவர்கள் சில வாரம் மழிப்பதையே நிறுத்தி, டிரிம்மரால் ஒட்ட வெட்டி விடுங்கள். தோல் ஆறியபின் ரேசருக்கு வாருங்கள். மருந்துக் கடையில் நீங்களாகவே கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீமை மட்டும் தடவாதீர்கள். முதல் வாரம் சிவப்பு மறையும். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, பருக்கள் கிளம்பி, நிறுத்தினால் முன்பைவிட மோசமாக எரியும். அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் சீட்டு எடுத்துக் காட்டுங்கள்.

கடைசியாக, தேய்ந்த பிளேடு. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். பேப்பரில் சுற்றிக் குப்பைக் கூடையில் போடுவது நம் வழக்கம். அந்தக் கூடையை அவிழ்த்து, கையால் கிளறி, மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரிப்பவர் ஒரு தூய்மைப் பணியாளர். அவர் கையுறை கிழிந்திருக்கும், இல்லாமலே இருக்கும். அவருக்கு அடுத்ததாகப் பெருங்குடிக் கிடங்கில் பொறுக்குகிறவருக்குச் செருப்பும் சரியாக இருக்காது. பேப்பர் நனைந்தால் பிளேடு வெளியே வந்துவிடும். பழைய அமெரிக்க வீடுகளில் குளியலறை அலமாரிக்குப் பின்னால் ஒரு துவாரம் வைத்து, பிளேடைச் சுவருக்குள்ளேயே போட்டுவிடுவார்கள். நமக்கு ஒரு தகர டப்பா போதும். காலியான மில்க்மெய்ட் டப்பாவைக் கழுவி, வாய்க்குத் தகரமோ கனத்த டேப்போ ஒட்டி, பிளேடு நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு கீறல் விடுங்கள். டப்பா நிறைவதற்குள் உங்களில் சிலருக்குக் கல்யாணமே ஆகிவிடும், அவ்வளவு மெல்லியவை அவை. நிறைந்ததும் கீறலையும் மூடி, மேலே பெரிதாக ‘பிளேடு’ என்று எழுதி, காயலான் கடையில் இரும்போடு கொடுங்கள். எடுக்க மறுத்தால் காலையில் வரும் தூய்மைப் பணியாளரிடம் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லி நேராகக் கையில் கொடுங்கள். மாடிப்படி ஒன்றுக்கு ஒரு டப்பா வைத்தாலும் குடியிருப்பு முழுவதற்கும் போதும். யாராவது ஒருவர் இந்த வாரமே தொடங்கி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் பகுதியில் வசிக்கும் ஓர் அண்ணன்,
பட்டினப்பாக்கம், சென்னை